டோக்கியோ சப்வேயை வீட்டு வாசலிலிருந்து கற்றுக்கொள்ள: ஓஜிமா நிலையத்தை வைத்து ஒரு முழுமையான வழிகாட்டி

டோக்கியோவுக்கு வேலை மாறி வருகிறவர்களை எல்லோரும் ஷின்ஜுகு நிலையத்தைக் காட்டித்தான் பயமுறுத்துவார்கள். நூற்றுக்கணக்கான வாசல், எங்கே நுழைந்து எங்கே வெளியே வருவது என்றே தெரியாது, அது இது என்று. ஷின்ஜுகுவை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். முதல் வாரத்தில் உங்கள் வீட்டுப் பக்கத்து நிலையத்தை மட்டும் அங்குலம் அங்குலமாகத் தெரிந்துகொள்ளுங்கள், மீதி எல்லாம் அதே பாடத்தின் பெரிய வடிவம்தான். கேட், மிஷின், போர்டு, லிஃப்ட், நிலைய ஊழியர் உட்கார்ந்திருக்கும் ஜன்னல் எல்லாம் எங்கே போனாலும் ஏறக்குறைய இதே மாதிரிதான். ஒரே வித்தியாசம், வீட்டுப் பக்கத்து நிலையத்தில் பின்னால் இருந்து தள்ள ஆள் கிடையாது, நின்று நிதானமாகப் படிக்கலாம்.

உதாரணத்துக்கு ஓஜிமாவை எடுத்துக்கொள்கிறேன். டோக்கியோவின் கிழக்குப் பக்கம், கோட்டோ வார்டில் இருக்கும் ஒரு சாதாரணக் குடியிருப்புப் பகுதி. சுற்றுலா வருகிற யாரும் இங்கே இறங்குவதில்லை. ஆனால் நம் ஆட்களுக்குத் தெரிந்த பெயர்தான். இந்தியர்கள் நிறைய வசிக்கும் நிஷி கசாயில் வீடு கிடைக்காதவர்களும், அந்தப் பக்கத்து ரயில் கூட்டம் வேண்டாம் என்றவர்களும் பல வருடமாக இந்தப் பக்கம் வந்து சேர்கிறார்கள். காரணம், நிலையத்தை ஒட்டி நிற்கும் பெரிய பெரிய அடுக்குமாடிக் குடியிருப்புகள். தாஞ்சி என்பார்கள், யூஆர் என்ற பொது நிறுவனம் வாடகைக்கு விடுவது. கீ மணி (வீட்டுக்காரருக்குக் கொடுத்துத் திரும்பி வராத பணம்) இல்லை, புரோக்கர் கமிஷன் இல்லை, ஜாமீன் கையெழுத்து போட ஆள் தேட வேண்டியதில்லை, வெளிநாட்டவர் என்று முகம் சுளிப்பதும் இல்லை. டோக்கியோவில் வீடு தேடி அலைந்தவர்களுக்கு இந்த நாலும் எவ்வளவு பெரிய விஷயம் என்று தெரியும்.

முதலில், எந்த ரயில் இது என்று தெரிந்துகொள்ளுங்கள்

டோக்கியோ சப்வேயை ஒரே கம்பெனி நடத்தவில்லை. டோக்கியோ மெட்ரோ ஒன்று, நீல நிறத்தில் எம் எழுத்து போட்ட போர்டு. டோயேய் இன்னொன்று, மாநகர அரசே நடத்துவது, பச்சை நிற கிங்கோ இலைதான் அதன் அடையாளம். ஓஜிமா டோயேய் ஷின்ஜுகு லைனில் இருக்கிறது. லைனின் நிறம் இளம்பச்சை, எழுத்து எஸ், ஓஜிமாவின் எண் 15. ஆக எஸ் 15. ஜப்பானிய எழுத்து ஒன்றுகூடப் படிக்கத் தெரியாவிட்டாலும் இந்த எண்ணை வைத்துக்கொண்டே டோக்கியோ முழுக்கச் சுற்றிவிட்டு வீடு திரும்பலாம். ஷின்ஜுகு 1, கிழக்குக் கடைசியில் மோட்டோயாவாட்டா 21. எண் ஏறுகிறதா இறங்குகிறதா என்று பார்த்தாலே ரயில் சரியான திசையில் போகிறதா என்று தெரிந்துவிடும்.

இதில் ஒரு பொறி. அடுத்தடுத்து மூன்று நிலையங்களின் பெயர் ஒரே மாதிரி இருக்கும்: நிஷி ஓஜிமா (14), ஓஜிமா (15), ஹிகாஷி ஓஜிமா (16). மேற்கு, நடு, கிழக்கு. வீட்டுக்கு வரும் விருந்தாளிக்கு 'ஓஜிமாவில் இறங்குங்கள்' என்று மட்டும் சொன்னால் மூன்றில் எதில் வேண்டுமானாலும் இறங்கி நிற்பார். எண்ணோடு சேர்த்துச் சொல்லுங்கள்.

இந்த லைனின் முதல் பகுதி, இவாமோட்டோச்சோவிலிருந்து ஹிகாஷி ஓஜிமா வரை, 1978 டிசம்பர் 21 அன்று திறக்கப்பட்டது. அதாவது இது கிழக்குப் பக்கத்தில் தொடங்கி, ஷின்ஜுகுவுக்கு 1980-இல்தான் போய்ச் சேர்ந்தது. ரயில்களை நிறுத்திப் பராமரிக்கும் இடமும் இந்தப் பக்கம்தான், ஒரு பெரிய பூங்காவுக்கு அடியில். அந்த நிலத்துக்கு ஒரு கறுப்புக் கதை உண்டு. சப்வேக்காக மாநகர அரசு வாங்கிய பழைய தொழிற்சாலை நிலத்தில் குரோமியக் கழிவு புதைத்து வைத்திருந்தது 1970-களில் வெளியே வந்து, நாடே பேசிய பிரச்சினை ஆனது. இன்று அதன் மேலே பிள்ளைகள் விளையாடுகிறார்கள், வசந்தத்தில் செர்ரி பூக்கிறது.

கார்டு

பேப்பர் டிக்கெட்டை மறந்துவிடுங்கள். பாஸ்மோ அல்லது சுய்கா, எது கையில் இருந்தாலும் போதும், இரண்டும் எங்கும் செல்லும். டோயேய் மிஷினில் வாங்கினால் கிடைப்பது பாஸ்மோ. 500 யென் டெபாசிட், அதிகபட்சம் 20,000 யென் வரை உள்ளே போட்டு வைக்கலாம். சிப் தட்டுப்பாட்டால் 2023-இல் கார்டு விற்பனையை நிறுத்திவைத்திருந்தார்கள், இப்போது மறுபடியும் கிடைக்கிறது. போன் ஒத்துழைத்தால் போனிலேயே வைத்துக்கொள்வது இன்னும் சுலபம், பணம் போட மிஷினைத் தேட வேண்டாம். பேட்டரி தீர்ந்தால் என்ன செய்வது என்று கேட்கிறவர்கள் பிளாஸ்டிக் கார்டாகவே வாங்கிக்கொள்ளுங்கள், தவறே இல்லை.

டோயேயின் குறைந்தபட்சக் கட்டணம் 180 யென், கார்டில் தட்டினால் 178. ஓஜிமாவிலிருந்து ஷின்ஜுகு வரை டிக்கெட் 280. ஆறு வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகள், ஒரு பெரியவரோடு இரண்டு பேர் வரை, இலவசம். தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பாதி. ஆனால் பாதிக் கட்டணம் தானாக வராது, பிள்ளையின் பெயரில் தனி கார்டு எடுக்க வேண்டும், அதற்கு வயதுச் சான்று காட்ட வேண்டும்.

சனி ஞாயிறில் குடும்பத்தோடு சுற்றப் போகிறீர்கள் என்றால் டோயேயின் ஒரு நாள் டிக்கெட்டைப் பாருங்கள், 700 யென். டோயேய் சப்வே, டோயேய் பஸ், அரக்காவா டிராம் எல்லாம் அடங்கும். மெட்ரோவில் மட்டும் செல்லாது. இதை மறந்துவிட்டு மெட்ரோ கேட்டில் முட்டிக்கொண்டு நிற்கிறவர்கள் நிறையப் பேர்.

கேட்டில் என்ன நடக்கிறது

நம் ஊர் மெட்ரோவில் கதவு மூடியிருக்கும், தட்டினால் திறக்கும். இங்கே தலைகீழ். கதவு எப்போதும் திறந்தே இருக்கும், ஏதாவது தப்பு இருந்தால்தான் படீரென்று மூடும். அதனால் கூட்டம் நடையை நிறுத்தாமலே போகும். நீங்களும் அப்படியே கார்டைக் கையில் தயாராக வைத்துக்கொண்டு, தட்டிவிட்டு, நடந்துகொண்டே இருங்கள். கதவு மூடிவிட்டால் பதற்றப்படாதீர்கள், ஒரு அடி பின்னால் வந்து ஓரமாக ஒதுங்குங்கள். மூடுவதற்குப் பெரும்பாலும் இரண்டே காரணம்தான். கார்டில் பணம் போதவில்லை, அல்லது ஏறின இடத்தில் சரியாகத் தட்டவில்லை.

பணம் போதவில்லை என்றால், வெளியே போகும் கேட்டுக்குச் சற்று முன்னால், உள்பக்கமாகவே ஒரு மிஷின் நிற்கும். அதில் கார்டைப் போட்டுக் குறைவதை மட்டும் கட்டிவிடலாம், அபராதம் எல்லாம் கிடையாது. மற்றக் கோளாறு எதுவானாலும் கேட்டின் ஓரத்தில் ஊழியர் இருக்கும் ஜன்னல். 'சுமிமாசென்' (மன்னிக்கவும்) என்று சொல்லி கார்டை நீட்டினால் போதும், எந்த நிலையத்தில் ஏறினீர்கள் என்று கேட்பார், அந்தப் பெயரை மட்டும் சொல்லுங்கள், சரிசெய்து கொடுத்துவிடுவார். மொழி தெரியாது என்று கூச்சப்பட்டுக்கொண்டு நிற்காதீர்கள். இதே கேள்வியை அவர் காலையிலிருந்து எத்தனை பேரிடம் கேட்டிருப்பாரோ.

வாசல்கள், லிஃப்ட், அந்த வரைபடம்

நிலையம் ஷின் ஓஹாஷி தோரி என்ற பெரிய சாலைக்கு அடியில் இருக்கிறது. வாசல்கள் சாலையின் இரண்டு பக்கமும் உண்டு, ஒவ்வொன்றுக்கும் எண் உண்டு. தப்பான வாசலில் ஏறினால் பெரிதாக ஒன்றும் குடிமுழுகாது, ஆனால் நாலு வழிச் சாலையின் எதிர்ப்பக்கம் சிக்னலுக்காக மழையில் நிற்பீர்கள். அதனால் முதல் நாளே உங்கள் வாசல் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள், வீட்டு விலாசத்தோடு அதையும் சேர்த்தே எல்லோருக்கும் அனுப்புங்கள்.

கேட்டுக்குப் பக்கத்துச் சுவரில் சுற்றுவட்டார வரைபடம் மாட்டியிருக்கும். பார்த்ததும் குழம்பும், ஏனென்றால் இங்கே பல வரைபடங்களில் மேலே இருப்பது வடக்கு அல்ல. நீங்கள் எந்தத் திசையைப் பார்த்து நிற்கிறீர்களோ அதுதான் மேல்பக்கம். போனில் இருக்கும் மேப்போடு ஒப்பிட்டுப் பார்த்தால் தலைகீழாகத் தெரியும். போனை உள்ளே வைத்துவிட்டு, 'எனக்கு எதிரே இருப்பது மேலே' என்று நினைத்துக்கொண்டு பாருங்கள், பட்டென்று பிடிபடும்.

தள்ளுவண்டியில் குழந்தை, ஊரிலிருந்து வந்த முழங்கால் வலிக்கும் அம்மா அப்பா, 23 கிலோ பெட்டி, இதெல்லாம் இருந்தால் லிஃப்ட் வாசல்தான் உங்கள் வாசல். தெருவிலிருந்து பிளாட்பாரம் வரை படியே இல்லாத வழி ஒன்றாவது டோயேயின் எல்லா நிலையங்களிலும் உண்டு. ஆனால் பல இடங்களில் அந்த ஒன்றுதான் உண்டு, அது சாலையின் ஒரு பக்கத்தில் மட்டும் இருக்கும். இரண்டு லிஃப்ட் மாற வேண்டியும் இருக்கும், தெருவிலிருந்து கேட் மாடிக்கு ஒன்று, அங்கிருந்து பிளாட்பாரத்துக்கு இன்னொன்று. பெற்றோர் வருவதற்கு முன்னால் ஒரு தடவை தனியாக அந்த வழியில் நடந்து பாருங்கள்.

படிக்கட்டுப் பக்கம் நின்றால் குருவி கத்துகிற மாதிரி ஒரு சத்தம் கேட்கும். உண்மைக் குருவி இல்லை, ஸ்பீக்கர். பார்வையில்லாதவர்களுக்கு 'படி இங்கே இருக்கிறது' என்று காட்டுவதற்காக. தரையில் ஓடும் மஞ்சள் புடைப்புக் கோடும் அவர்களுக்குத்தான், 1967-இல் ஜப்பானின் ஒகாயாமா நகரில்தான் முதன்முதலில் பதித்தார்கள். அதன் மேல் பெட்டியை வைத்துக்கொண்டு நின்று பேசாதீர்கள்.

பிளாட்பாரம்: எந்த ரயிலில் ஏறுவது

ஓஜிமாவில் இரண்டு பிளாட்பாரம், மூன்று தண்டவாளம். ஒரு தண்டவாளம் கூடுதலாக இருப்பது, இங்கேயே முடிந்து பணிமனைக்குப் போகும் ரயில்களுக்காக. 'ஓஜிமா வரை' என்று போர்டு போட்டு ரயில்கள் வருவதும் அதனால்தான். உங்களுக்கு லாபம், ஹிகாஷி ஓஜிமாக்காரர்களுக்குத்தான் தலைவலி, இறங்கி அடுத்த ரயிலுக்குக் காத்திருக்க வேண்டும்.

மேற்கே போகும் ரயில்களின் போர்டில் ஷின்ஜுகு, சசாசுகா, ஹாஷிமோட்டோ என்று வெவ்வேறு பெயர் வரும். பயப்பட வேண்டாம், எல்லாம் ஷின்ஜுகு வழியாகத்தான். ஷின்ஜுகுவைத் தாண்டி கெய்யோ என்ற தனியார் ரயிலின் பாதையில் அப்படியே ஓடுகின்றன. இதற்காகவே சப்வேயின் தண்டவாள அகலத்தைக்கூட கெய்யோவுக்குத் தோதாக 1,372 மில்லிமீட்டர் என்று வைத்தார்கள், உலகத்தில் வேறெங்கும் சுலபத்தில் பார்க்க முடியாத அளவு.

இந்த நிலையத்தின் பெரிய வசதி என்று நான் சொல்வது எக்ஸ்பிரஸ். பகலில் ஓடும் எக்ஸ்பிரஸ் ரயில்கள் ஷின்ஜுகு, இச்சிகாயா, ஜிம்போச்சோ, பாகுரோ யோகோயாமா, மோரிஷிட்டா, ஓஜிமா, ஃபுனாபோரி, மோட்டோயாவாட்டா ஆகிய நிலையங்களில் மட்டும் நிற்கும். பக்கத்து இரண்டு ஓஜிமாக்களிலும் நிற்காது. வீடு பார்க்கும்போது ஏஜென்ட் 'ஒரு ஸ்டேஷன்தானே தள்ளி' என்பார், அந்த ஒரு ஸ்டேஷனில் எக்ஸ்பிரஸ் நிற்குமா என்று கேளுங்கள். அதே சமயம், பக்கத்தில் இருக்கும் சுமியோஷிக்குப் போக வேண்டியவர் அவசரத்தில் எக்ஸ்பிரஸில் ஏறிவிட்டால் மோரிஷிட்டாவில் இறங்கித் திரும்பி வர வேண்டியதுதான்.

ரயிலுக்குப் பத்துப் பெட்டி. தரையில் வரிசைக் கோடு போட்டிருக்கும், அதில் நில்லுங்கள், இறங்குகிறவர்களுக்கு நடுவில் வழிவிட்டு அப்புறம் ஏறுங்கள். தூணிலும் சுவரிலும் ஒரு பட்டியல் ஒட்டியிருப்பார்கள், எந்த நிலையத்தில் எந்தப் பெட்டிக்கு நேராகப் படியும் லிஃப்டும் வரும் என்று. தினமும் போகிற நிலையத்துக்கு இதை ஒருமுறை பார்த்து வைத்துக்கொண்டால், இறங்கின பிறகு நெரிசலில் ஊர்ந்துபோகும் நேரம் மிச்சம். வேலைநாள் காலையில் பெண்களுக்கு மட்டும் ஒரு பெட்டி உண்டு, பிளாட்பாரத் தரையில் இளஞ்சிவப்பு நிறத்தில் எழுதியிருக்கும். புதிதாக வந்த ஆண்கள் தரையைப் பார்க்காமல் அதில் ஏறிவிட்டு, யாரும் எதுவும் சொல்லாமல் எல்லோரும் பார்க்கிற பார்வையில் நெளிவார்கள்.

உள்ளே போனில் பேசாதீர்கள், முதுகுப் பையைக் கழற்றி முன்னால் மாட்டிக்கொள்ளுங்கள். இவ்வளவுதான், இதற்கு மேல் பெரிய ஆசாரம் ஒன்றும் இல்லை.

இன்னொன்று, இதைச் சொல்லியே ஆக வேண்டும். கிழக்கே போகும் ரயிலில் ஒருமுறையாவது ஏறுங்கள். ஓஜிமாவை விட்டதும் சுரங்கத்திலிருந்து ரயில் வெளியே வந்துவிடும். அடுத்த நிலையமான ஹிகாஷி ஓஜிமா பழைய நாகாகாவா ஆற்றுக்கு மேலேயே கட்டியது, நிலையத்தின் ஒரு பாதி கோட்டோ வார்டு, மறு பாதி எதோகாவா வார்டு. அதற்கப்புறம் அரக்காவாவின் அகலமான தண்ணீரைத் தாண்டும். பிள்ளைகளுக்கு இதைவிட மலிவான பொழுதுபோக்கு கிடையாது.

மாறிப் போவது, மாதப் பாஸ்

டோக்கியோ நிலையத்தைச் சுற்றி, ஓட்டேமாச்சி பக்கம் ஆபீஸ் இருந்தால், ஓஜிமாவிலிருந்து இரண்டு நிறுத்தம் போய் சுமியோஷியில் மெட்ரோவின் ஹான்சோமோன் லைனுக்கு மாற வேண்டும். இரண்டு கம்பெனி என்பதால் இரண்டு கட்டணம். ஆனால் சேர்த்துப் போனால் 70 யென் தள்ளுபடி, கார்டில் தானாகவே கழியும். ஓட்டேமாச்சிக்கு 178, 178, கழித்தல் 70, ஆக 286.

தினமும் போகிறவர்கள் தெய்கி என்ற பாஸ் எடுத்துவிடுங்கள், 1, 3, 6 மாதம் என்று உண்டு, பெரும்பாலும் கம்பெனியே பணம் கொடுத்துவிடும். எடுக்கும்போது பாதையைக் கவனித்துத் தேர்ந்தெடுங்கள், ஏனென்றால் பாஸ் பாதையில் நடுவில் இருக்கும் எந்த நிலையத்திலும் எத்தனை தடவை வேண்டுமானாலும் இறங்கி ஏறலாம். ஒரே கட்டணத்தில் இரண்டு வழி இருந்தால், நீங்கள் காய்கறி வாங்கும் ஊர் எந்த வழியில் வருகிறதோ அதை எடுங்கள்.

வடக்கு தெற்காகப் போவதற்கு மட்டும் இந்தப் பகுதியில் ரயில் பஞ்சம். லைன்கள் பெரும்பாலும் கிழக்கு மேற்காகவே ஓடுகின்றன. டோயோசுவிலிருந்து சுமியோஷிக்கு மெட்ரோவின் யூராகுச்சோ லைனை நீட்டுகிறார்கள், ஆனால் அது 2030-களின் நடுவில்தான் வரும். அதுவரை பஸ்தான். முன்கதவில் ஏறும்போதே கார்டைத் தட்டுங்கள், வார்டுகளுக்குள் எவ்வளவு தூரம் போனாலும் ஒரே கட்டணம்தான்.

ஷின்ஜுகுவிலிருந்து வீடு திரும்பும்போது ஒன்றே ஒன்று: கெய்யோ லைன் என்ற பெரிய போர்டைப் பார்த்து அந்தக் கேட்டுக்குள் போகாதீர்கள். 'கெய்யோ நியூ லைன், டோயேய் ஷின்ஜுகு லைன்' என்று சேர்த்துப் போட்டிருக்கும் போர்டைப் பின்பற்றி, இளம்பச்சை எஸ் வட்டம் தெரியும்வரை இறங்கிக்கொண்டே இருங்கள். மோட்டோயாவாட்டா பக்கம் 5-ஆம் பிளாட்பாரம்.

தண்ணீர்: இந்த நிலையத்தில் மட்டும் கூடுதல் கவனம்

ஓஜிமாவைச் சுற்றியுள்ள நிலத்தில் பெரும்பகுதி கடல் மட்டத்தளவில் அல்லது அதற்கும் கீழே இருக்கிறது. முன்பு இங்கே தொழிற்சாலைகள் நிறைய. அவை நிலத்தடி நீரைப் பல வருடம் உறிஞ்சியதில் பூமியே இறங்கிவிட்டது, கோட்டோ வார்டில் 4 மீட்டருக்கும் மேல் இறங்கிய இடம்கூட உண்டு. நீர் எடுப்பதைக் கட்டுப்படுத்திய பிறகு இறங்குவது நின்றது, ஆனால் இறங்கியது இறங்கியதுதான். 1910-இல் வந்த பெருவெள்ளத்துக்குப் பிறகு வெட்டிய வடிகால்தான் இன்றைய அரக்காவா, 1930-இல் முடித்தார்கள். அந்தக் கரைகளை நம்பித்தான் இந்தப் பகுதியே இருக்கிறது.

இப்போது வாசலை உற்றுப் பாருங்கள். இப்படிப்பட்ட தாழ்நில நிலையங்களில் பல வாசல்களில் கீழே இறங்குவதற்கு முன் இரண்டு மூன்று படி மேலே ஏற வேண்டியிருக்கும். இரண்டு பக்கச் சுவரிலும் செங்குத்தாக ஒரு பள்ளம் ஓடும், வெள்ளம் வரும்போது தடுப்புப் பலகைகளைச் செருகுவதற்கு. ஏன் தேவையில்லாமல் ஏறி இறங்க விடுகிறார்கள் என்று திட்டுகிறவர்கள் இதைக் கவனித்திருக்க மாட்டார்கள்.

நீங்கள் செய்ய வேண்டியது இதுதான். புயல் வருகிறது என்றால் ரயில்களை முன்கூட்டியே அறிவித்து நிறுத்துவார்கள், 2019 அக்டோபர் புயலின்போது நகரமே அப்படி நின்றது. அறிவிப்பு வந்ததும் ஆபீஸிலிருந்து கிளம்பிவிடுங்கள், கடைசி ரயிலைப் பிடிக்கலாம் என்று கணக்குப் போடாதீர்கள். கனமழை பெய்து தெருவில் தண்ணீர் ஏறத் தொடங்கிவிட்டால் சப்வேக்குள் ஒதுங்கவே கூடாது. வார்டு அலுவலகத்தில் வெள்ள வரைபடம் இலவசமாகத் தருவார்கள், உங்கள் கட்டடத்தில் எத்தனை மாடி வரை தண்ணீர் வரலாம் என்பது அதில் தெரியும். கோட்டோவையும் சேர்த்துக் கிழக்குப் பக்கத்து ஐந்து வார்டுகளில், மிக மோசமான வெள்ளம் வந்தால் சுமார் 25 லட்சம் பேர் வசிக்கும் இடம் மூழ்கும், சில இடங்களில் இரண்டு வாரத்துக்கும் மேல் தண்ணீர் வடியாது என்று அவர்களே கணக்குப் போட்டு 2018-இல் வெளியிட்டிருக்கிறார்கள். மேல்மாடியில் இருக்கிறோம், நமக்கென்ன என்பவர்கள் இரண்டு வாரம் கரண்ட்டும் தண்ணீரும் இல்லாமல் குடும்பத்தோடு இருப்பதை யோசித்துப் பாருங்கள்.

நிலநடுக்கம் வேறு மாதிரி. ரயில் தானாக நிற்கும், விளக்கு மங்கலாம். அப்படியே உட்கார்ந்திருங்கள், கதவை நீங்களாகத் திறக்காதீர்கள், எல்லோரும் ஒரே படியை நோக்கி ஓடுவதுதான் நிலத்துக்கடியில் பெரிய ஆபத்து.

சில்லறை விஷயங்கள்

ரயில் தாமதமானால் கேட் பக்கத்தில் ஒரு சின்னத் துண்டுச்சீட்டு கொடுப்பார்கள், தாமதச் சான்று, டோயேயின் இணையதளத்திலும் கிடைக்கும். ஆபீஸில் காட்டினால் போதும், விளக்கம் சொல்லத் தேவையில்லை.

பொருளைத் தவறவிட்டால் முதலில் நிலைய ஜன்னலில் சொல்லுங்கள், ஏறின நேரம், எத்தனையாவது பெட்டி என்று சொன்னால் தேடுவது சுலபம். சில நாள் கழித்து எல்லாம் இய்தாபாஷியில் இருக்கும் போலீஸ் மையத்துக்குப் போய்ச் சேரும், மூன்று மாதம் வைத்திருப்பார்கள். குடையைத் தேடிப் போகிறவர்கள் நிறம், பிராண்டு, கைப்பிடி எப்படி இருக்கும் என்று எழுதிக்கொண்டு போங்கள், அங்கே குடைக்குப் பஞ்சமே இல்லை.

குப்பைத் தொட்டியைத் தேடாதீர்கள், பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டு போங்கள். கழிப்பறை பெரும்பாலும் கேட்டுக்கு உள்ளே இருக்கும், வெளியே வந்த பிறகு நினைவு வந்தால் ஊழியரிடம் கேட்டுப் பாருங்கள்.

வீடு கொஞ்சம் தள்ளி என்றால் சைக்கிள் வாங்குவீர்கள். நிலைய வாசலில் கம்பியோரமாக நாலு சைக்கிள் நிற்கிறதே என்று ஐந்தாவதாக உங்களுடையதையும் நிறுத்தாதீர்கள். எச்சரிக்கைச் சீட்டு கட்டுவார்கள், அப்புறம் லாரியில் ஏற்றிக்கொண்டு போய்விடுவார்கள், மீட்க அடையாள அட்டையும் பணமும் கொண்டு தொலைவில் இருக்கும் கிடங்குக்கு நடக்க வேண்டும். வார்டு நடத்தும் நிறுத்துமிடத்தில் மாத இடத்துக்கு முன்கூட்டியே விண்ணப்பித்துவிடுங்கள், இடம் கிடைக்கும்வரை அன்றாடக் கட்டணம் கட்டி நிறுத்துங்கள்.